மாடு படுத்தால் பற்றும் படுக்கும்

பரவை, பொதும்பு, அதலை, சமயநல்லூர், தேனூர் வட்டாரத்தில் தவிடு, பருத்திக்கொட்டை, துவரம்பொட்டு, கடலைப் புண்ணாக்கு, குச்சித் தீவனம் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. "அடுத்த பால் பணத்துல தந்துடுறேன் அண்ணாச்சி" என்ற ஒரு வாக்கின் பேரில் மூடை மூடையாக ஏற்றி அனுப்புகிறோம். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. அந்தக் கடனுக்கு ஈடாக நிற்பது மாட்டின் மடி ஒன்றுதான். மடி வற்றினால் பால் பணம் இல்லை. பால் பணம் இல்லையென்றால் நம் பேரேட்டில் அந்தப் பக்கம் அப்படியே நிற்கும். ஆறு மாதம் கழித்து வாராக்கடன் என்று கோடு போட்டு மூடுவோம்.

ஆகவே மாட்டு வைத்தியச் செலவைச் சம்சாரி எப்படிச் சமாளிக்கிறார் என்பது அவர் வீட்டு விவகாரம் மட்டுமல்ல. நம் கடை விவகாரமும் அதுவே. இதைப் பற்றி வணிகர்கள் பேசிக் கேட்பது அரிது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஓர் உதாரணக் கணக்கு. ஒரு கலப்பினப் பசு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் ஊற்றுகிறது என்று கொள்வோம். ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் பசும்பால் லிட்டருக்கு 35 ரூபாய் என்று உயர்ந்தது. 2023 டிசம்பரிலிருந்து அதன்மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. ஊக்கத்தொகையை விட்டுவிட்டு 35 என்றே வைத்தாலும் நாளுக்கு 350 ரூபாய், பதினைந்து நாள் பால் பட்டியலுக்கு 5,250 ரூபாய். மாட்டுக்கு மடிநோய் வந்து பத்து நாள் பால் நின்றால் 3,500 ரூபாய் போயிற்று. வைத்தியத்துக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6,000. ஆனால் மாடு தின்பதை நிறுத்தாது. அந்தப் பத்து நாளும் தீவனம் நம் கடையிலிருந்துதான் போகிறது, கடனுக்குத்தான் போகிறது.

"அரசு கால்நடை மருந்தகத்தில் இலவசம்தானே, இதில் செலவு எங்கே வந்தது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மருந்தகத்தில் பார்ப்பது இலவசம்தான். கோமாரித் தடுப்பூசியும் இலவசம். 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு இருமுறை மாடுகளுக்குப் போடுகிறார்கள். 1962 என்ற எண்ணைக் கூப்பிட்டால் நடமாடும் மருத்துவ ஊர்தி வருகிறது. தமிழ்நாட்டில் 2024 ஆகஸ்டில் 245 ஊர்திகள் இதற்கெனத் தொடங்கி வைக்கப்பட்டன. இவ்வளவும் உண்மை. ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல் வருவது அலுவலக நேரம் பார்த்து அல்ல. ராத்திரி வயிறு உப்பிக் கிடக்கும்போது கிடைக்கிற தனியார் வைத்தியரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். மருந்தகத்தில் இருப்பில் இல்லாத ஊசியை வெளிக்கடையில் வாங்க வேண்டியிருக்கும். அறுவை செய்ய வேண்டுமானால் மாட்டை டெம்போவில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கூட இரண்டு ஆள் போக வேண்டும், அவர்களுக்கு அன்றைய கூலி போகும். ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் வைத்தியர் சொல்லும் நாள்வரை பாலைச் சொசைட்டியில் ஊற்றவும் கூடாது. இலவச வைத்தியத்தின் உள்ளே இத்தனை செலவு ஒளிந்திருக்கிறது.

கையில் பணம் இல்லாதவர் என்ன செய்வார்? இரண்டு நாள் பார்ப்போம் என்பார். அந்த இரண்டு நாள்தான் எமன். மடிநோயை முதல் நாளே கவனித்தால் மருந்தோடு போகும். நான்காம் நாள் கவனித்தால் ஒரு காம்பு அடைத்துக்கொண்டு அந்தக் காம்பில் ஆயுளுக்கும் பால் வராது. அப்புறம் அந்த மாடு விலைக்குப் போகும். தரகர் கேட்கிற விலைக்கே போகும். நம் பாக்கியும் அதோடு போகும்.

இந்த இடத்தில் காப்பீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம்மிடையே அதைக் குறித்து ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் மாட்டுக் காப்பீட்டுக்கு அரசு மானியம் உண்டு. மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரியில் எடுத்த முடிவின்படி பிரீமியத்தில் மாட்டுக்காரர் பங்கு 15 சதவீதம்தான், மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். சலுகை நல்ல சலுகையே. ஆனால் அது மாடு செத்தால்தான் பணம் தரும். கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் நிரந்தர ஊனத்துக்கும் தரும். நோய்க்கு வைத்தியம் பார்க்கத் தராது. காதில் 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் தோடு இல்லாவிட்டால் செத்தாலும் தராது. நகரத்தில் வளரும் நாய்க்கு 2020-இல் பஜாஜ் அலையன்ஸ் நிறுவனம் மருத்துவச் செலவுக்கான காப்பீட்டையே விற்கத் தொடங்கியது. வீட்டுக்குச் சோறு போடும் பசுவுக்கோ செத்த பிறகுதான் மதிப்பு. இதை என்னவென்று சொல்வது!

வங்கிக் கடனிலும் வழி உண்டு. கிசான் கடன் அட்டை வசதி 2018-19 மத்திய பட்ஜெட்டில் கால்நடை வளர்ப்போருக்கும் நீட்டிக்கப்பட்டது. தீவனம், கூலி, வைத்தியம் ஆகிய நடைமுறைச் செலவுகளுக்கு எடுக்கலாம். 2 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி போக 4 சதவீதம். 2025 ஜனவரி முதல் ஈடு இல்லாமல் தரும் விவசாயக் கடன் வரம்பும் 2 லட்சமாக உயர்ந்திருக்கிறது. ஆனால் அட்டை முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். மாடு படுத்த பிறகு விண்ணப்பம் எழுதி, காகிதம் சேர்த்து, கிளைக்கு நடந்து பயன் இல்லை. நம் கடைக்கு வரும் மாட்டுக்காரரிடம் நல்ல நாளிலேயே இதைச் சொல்லி வைப்பது நமக்கே நல்லது.

அட்டை இல்லாதவர் போவது வேறெங்கு? தண்டல்காரரிடம்தான். மாதம் பத்து வட்டிக்கு 2,500 வாங்கினால் மாதம் 250 ரூபாய் வட்டி. இரண்டரை மாதத்தில் 625 ரூபாய் போய், அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் அதிக வட்டி வசூல் தடைச் சட்டமே வந்தது. சட்டம் வந்தாலும் ராத்திரி பதினோரு மணிக்குப் பணம் தருபவர் இன்றும் அவர் ஒருவர்தான். அதை ஒப்புக்கொண்டே மேலே பேச வேண்டும்.

மேல்நாட்டில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தோம். அமெரிக்காவில் செல்லப்பிராணிகளுக்கு இரண்டு விதமான தவணை உண்டு. ஒன்று, தடுப்பூசி, பரிசோதனை ஆகியவற்றுக்கான ஆண்டுக் கட்டணத்தைப் பன்னிரண்டு மாதமாகப் பிரித்துக் கட்டுவது. இது நமக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. நமக்குத் தடுப்பூசி இலவசமாகவே கிடைக்கிறது. மற்றொன்று, வைத்தியம் பார்த்த பிறகு கடன் அட்டையில் ஏற்றிவிட்டுத் தவணையில் அடைப்பது. இதில்தான் கொக்கி இருந்தது. பல் வைத்தியம் முதல் பிராணி வைத்தியம் வரை கடன் தரும் கேர்கிரெடிட் என்ற அட்டையில், குறித்த மாதங்களுக்குள் முழுத் தொகையும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. கெடு தவறி நிலுவை நின்றுவிட்டால், முதல் நாளிலிருந்து கணக்கிட்டு அப்போது 26.99 சதவீத வட்டி விதிக்கப்பட்டது. வாங்கியவர்கள் பலருக்கு இது சரியாக விளக்கப்படவில்லை என்று கூறி, 2013 டிசம்பரில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 3 கோடியே 41 லட்சம் டாலர் வரை திருப்பித் தர உத்தரவிட்டது. நம் நாட்டிலும் அதே 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டித் தவணை என்ற பெயரில் வட்டியை வேறு கட்டணத்துக்குள் மறைக்கக் கூடாது என்று வங்கிகளுக்குத் தடை போட்டது. தவணை என்ற சொல் இனிக்கும்; வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது வியாபாரியின் வேலை.

நமக்கு ஏற்ற வழி அமெரிக்காவில் இல்லை, நம் நாட்டுப் பால் சொசைட்டியில் இருக்கிறது. குஜராத்தில் 1946-இல் பிறந்த கேடா மாவட்டப் பால் ஒன்றியம், அதாவது அமுல், தொடக்க காலம் முதலே மாட்டு வைத்தியத்தைப் பால் வியாபாரத்தின் ஒரு பகுதியாகவே நடத்தியது. உறுப்பினர் கூப்பிட்டால் ஒன்றியத்தின் வைத்தியர் வண்டியில் வருவார். உறுப்பினர் தருவது சிறு கட்டணம், மிச்சத்தை ஒன்றியம் ஏற்கும். மாடு நன்றாக இருந்தால்தான் தனக்குப் பால் வரும் என்ற வியாபாரக் கணக்கு அதில் இருந்தது. தமிழ்நாட்டில் ஆவினும் இந்த ஆனந்த் முறையில் அமைந்ததே. இங்கே கிராமச் சங்கங்கள் தீவன மூடையைக் கடனுக்குக் கொடுத்து அதைப் பால் பட்டியலில் பிடித்துக்கொள்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பணம் எங்கே வருகிறதோ அங்கேயே தவணை பிடிக்கப்படுகிறது. வசூலுக்கு ஆள் வேண்டாம், வாசலில் நின்று சத்தம் போட வேண்டாம். சில தனியார் பால் பண்ணைகளும் அப்படியே செய்கின்றன.

நம் மதுரையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 1990-இல் இப்பகுதியில் தொடங்கிய களஞ்சியம் பெண்கள் குழுக்கள், பின்னர் 1997-இல் உருவான தானம் அறக்கட்டளையின் கீழ் பெரிய இயக்கமாயின. வாரம், மாதம் என்று சிறு தொகை சேமித்து, தேவைப்படும்போது அதிலிருந்தே தங்களுக்குள் கடன் எடுத்துக்கொள்கிறார்கள். அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மையார் இந்த இயக்கத்திலிருந்து வந்தவரே. 2001-இல் தில்லியில் விருது வழங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதை நாடே கண்டது. 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. வங்கி வாசலைக்கூட மிதித்திராத பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தங்கள் ஆபத்துக்குத் தாங்களே கடன் தந்துகொண்டார்கள். நம்மைப் போல் பேரேடு எழுதத் தெரிந்தவர்கள் இதில் பின்தங்கி நிற்பானேன்?

நமக்கு இது புதிதும் அல்ல. மகமை என்ற சொல்லை நம் முன்னோர் அறிவார்கள். மூடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று சரக்கின் மேல் சிறு தொகை எடுத்து வைத்து, கோவில், சத்திரம், பள்ளி என்று கட்டினார்கள். விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படிப்பட்ட பொதுப் பணத்திலும், வீடு வீடாகச் சேர்த்த பிடி அரிசியிலும் நடந்த பள்ளி. காமராஜர் படித்தது அங்கேதான். ஒருவர் தலையில் பெரிய பாரம் விழாமல் பலர் தலையில் சிறு பாரமாகப் பிரிப்பதுதான் மகமையின் சூட்சுமம். இன்று காப்பீட்டுக் கம்பெனி செய்வதும் அதே வேலைதான், ஆடம்பரமான அலுவலகத்தோடு.

இந்த மகமையையும், பால் பட்டியலில் பிடிக்கும் தவணையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால் என்ன என்பதுதான் நாம் உறுப்பினர் முன் வைக்கும் யோசனை. ஒரு கறவை மாட்டுக்கு மாதம் மூன்று மூடை அடர்தீவனம் போகிறது என்று கொள்வோம். மூடைக்கு 10 ரூபாய் எடுத்தால் மாதம் 30, ஆண்டுக்கு 360 ரூபாய். நூறு மாடு இருந்தால் 36,000 ரூபாய். தடவைக்கு 2,500 என்று பார்த்தால் பதினான்கு மாட்டுக்கு வைத்தியம் பார்த்துவிடலாம். ஆனால் இதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் ஆண்டு முடிவில் பெட்டி காலியாகும், அடுத்த ஆண்டு சண்டை வரும். கொடுப்பது கைமாற்றாக இருக்கட்டும். மாடு எழுந்து பால் ஊற்றத் தொடங்கியதும், பட்டியலுக்கு 500 வீதம் ஐந்து பட்டியலில் வட்டியில்லாமல் திரும்பட்டும். 5,250 ரூபாய்ப் பட்டியலில் 500 என்பது தாங்கக்கூடிய பிடித்தம்தான். வைத்தியம் பார்த்தும் மாடு செத்துவிட்டால் மட்டும் பாக்கியை மகமையிலிருந்து தள்ளிவிடலாம். செத்த மாட்டுக்குத் தவணை கேட்பது மனிதாபிமானமும் அல்ல, வசூலாகப் போவதும் அல்ல.

இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. தீவனம் பாதி இங்கும் பாதி வேறிடத்திலும் வாங்குகிறவர் மாட்டுக்குத் தரலாமா? நம் கடையில் பேரேட்டுப் பக்கம் உள்ளவருக்கு மட்டும் என்று வைத்தால் தீரும். பொய் நோய் சொல்லிப் பணம் வாங்கினால்? கையில் பணம் கொடுக்கவே கூடாது. வைத்தியர் சீட்டைக் கொண்டுவந்தால் மருந்துக் கடைக்கும் வைத்தியருக்கும் சங்கம் நேராகக் கட்டும். தோட்டு எண்ணைச் சீட்டில் குறித்துக்கொண்டால் ஒரே மாட்டைக் காட்டி இரண்டு பேர் வாங்க முடியாது. மகமையை மூடை விலைக்குள் மறைக்காமல் ரசீதில் தனி வரியாகக் காட்ட வேண்டும். மறைத்தால் பக்கத்துக் கடைக்காரர் அதையே பிரசாரமாக்கி நம் வாடிக்கையை இழுத்துக்கொள்வார். வட்டி ஒரு பைசாவும் வேண்டாம் என்று நாம் சொல்வதற்குத் தருமத்தோடு ஒரு சட்டக் காரணமும் உண்டு. வட்டிக்குக் கொடுத்து வாங்குவது தொழிலாகிவிட்டால் 1957-ஆம் ஆண்டு லேவாதேவிக்காரர் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டிவரும். திட்டத்தைத் தொடங்குமுன் சங்கத் தணிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் அவசியம்.

பால் பட்டியலில் பிடித்துத் தரச் சொசைட்டியோ பண்ணையோ சம்மதிக்க வேண்டும் என்பதுதான் இதில் கடினமான கண்ணி. அவர்களுக்கும் இது லாபம்தான், ஆனால் செயலாளர் மாறும்போதெல்லாம் மறுபடி பேச வேண்டிவரும். அவர்கள் சம்மதிக்காத இடத்தில் பட்டியல் நாளன்று கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். அப்போது தீவனப் பாக்கியையும் வைத்தியப் பாக்கியையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள். வருகிற பணத்தை முதலில் தீவனக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் ஆசை நம் எல்லோருக்கும் வரும். சங்கப் பணம் அதனால்தான் கரையும்.

செலவே வராமல் தடுக்க நம்மால் ஆவதும் கொஞ்சம் உண்டு. திண்டுக்கல் சாலையில் பரவைக் காய்கறிச் சந்தையில் கழித்துப்போடும் முட்டைக்கோஸ் இலை, காலிஃபிளவர் தண்டு எல்லாம் மாட்டுக்குத்தான் போகிறது. அதோடு பாலிதீன் பையும் சணல் கயிறும் போகிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும் குப்பைமேட்டில் அதற்குப் பஞ்சமில்லை. வயிற்றில் பந்தாகச் சுருண்ட பாலிதீனை எடுக்க வயிற்றைத் திறந்தே ஆகவேண்டும். மாட்டு வைத்தியத்தில் பெரிய செலவு வைப்பவற்றில் அதுவும் ஒன்று. கழிவைக் கொட்டும்போது பையை அவிழ்த்துக் கொட்டினால் போதும். அதுபோலவே கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றையும், கடையில் வண்டு விழுந்த அரிசியையும் புண்ணியம் என்று நினைத்து மொத்தமாகப் பசுவின் முன் கொட்டுகிறோம். பழக்கமில்லாத மாடு வயிறு முட்டச் சோறு தின்றால் வயிற்றில் அமிலம் பொங்கி ஒரே நாளில் சாயும். புண்ணியம் தேடப்போய்ப் பாவம் சேர்வது இதுதான்.

நம் கடைச் சரக்கிலேயே ஒரு முதலுதவியும் இருக்கிறது. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தஞ்சை மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை அது. தேசிய பால்வள வாரியமும் அதைச் சொல்லித் தருகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடிநோய் தொடங்கும்போதே மடியைக் கழுவிவிட்டு ஒரு நாளில் பலமுறை பூசுவது. மஞ்சளும் சுண்ணாம்பும் நம்மிடம் எந்நேரமும் உண்டு. கற்றாழை வேலியோரம் கிடைக்கும். மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ பாலில் ரத்தம் கண்டாலோ இதோடு நில்லாமல் வைத்தியரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இந்த யோசனை பிடித்திருக்கும் உறுப்பினர்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். தத்தம் பேரேட்டில் மாட்டுக்காரர் எத்தனை பேர், ஒவ்வொருவரிடமும் கறவை எத்தனை, மாதம் எத்தனை மூடை போகிறது, பாலை எந்தச் சொசைட்டியில் அல்லது பண்ணையில் ஊற்றுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த கூட்டத்துக்குள் சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். மூடைக்குப் பத்தா ஐந்தா என்பதை அந்தத் தாள்களைப் பார்த்த பிறகு பேசுவோம். அதற்குள் 1962 என்ற எண்ணைக் கல்லாவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள், எழுத்து வாசலிலிருந்து தெரிய வேண்டும்.